அடுக்களைச் சொற்களும் பெயரில்லாக் கேடும்

பூவின் பருவங்களை அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என ஏழாகப் பிரித்துப் பெயரிட்டது நம் மொழி என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவியர் முகத்தில் ஒரு பெருமிதம் அரும்புவதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகின்றேன். மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் ஒருபடி மேலே சென்று, கெட்டுப்போன காய்கனிகளுக்கு மட்டுமே சூம்பல், சிவியல், சொத்தை, வெம்பல், அளியல், அழுகல் எனத் தனித்தனிச் சொற்கள் தமிழில் வழங்குவதை எடுத்துக்காட்டினார். அவர் அச்சொற்களைத் தோட்டத்திலும் வயலிலும் நின்று திரட்டினார். அங்கிருந்து நான்கு எட்டு நடந்து அடுக்களைக்குள் நுழைந்தால் அங்கும் ஒரு சொற்களஞ்சியம் காத்திருக்கின்றது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அடுப்புப் புகையில் நின்று வகுத்த களஞ்சியம் அது.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாமாண்டு மாணவியரிடம், உணவு கெடுவதையும் சமையல் பதம் தவறுவதையும் குறிக்கத் தத்தம் வீட்டில் வழங்கும் சொற்களைத் தொகுத்து வருமாறு பணித்தேன். தஞ்சை, நெல்லை, இராமநாதபுரம் என்று பல பகுதிகளிலிருந்து வந்து பயில்பவர்கள் அவர்கள். ஊசுதல், நொந்து போதல், புளித்தல், திரிதல், காறுதல், சிக்கு வாடை, நமுத்தல், பூசணம் பூத்தல், வண்டு விழுதல், களிம்பேறல், அடிப்பிடித்தல், கரித்தல், குழைதல், விறைத்தல் என்று குறிப்பேடு நிறைந்தது. இவற்றை வெறும் வட்டார வழக்கு என்று ஒதுக்கிவிடலாகாது. ஒவ்வொரு சொல்லும் ஒரு தனிக் காரணத்தைச் சுட்டுகின்றது என்பதே என் துணிபு.

ஊசுதலைப் பார்ப்போம். பருப்புக் குழம்பும் தேங்காய்த் துவையலும் விரைந்து ஊசும். கரண்டியால் எடுத்தால் நூல் விடும். அந்த நூல், உணவில் பெருகிய நுண்ணுயிர்கள் சுரந்த பசை. ஈரமும் புரதமும் மிகுந்து புளிப்புக் குறைந்த உணவே அவற்றுக்கு உகந்த விளைநிலம். தேங்காய் அரைத்த கூட்டு மாலைக்குள் கெட, எங்கள் கடற்கரை ஊர்களில் ஆணம் என்று வழங்கும் புளி கரைத்த குழம்பு மறுநாளும் நிற்பதன் காரணம் இதுதான். புளியின் அமிலம் பெரும்பாலான நுண்ணுயிர்களை ஒடுக்கி வைக்கின்றது. ஆணத்தை இரவே ஒரு கொதி கொதிக்கவைத்து இறக்கும் எங்கள் உம்மா, தேங்காய்ப்பால் ஊற்றியதை மட்டும் இரவு தங்க விடமாட்டார். அமிலத்தின் அளவை அவர் எந்த நூலிலும் படித்ததில்லை.

திரிதல் பாலுக்கே உரிய சொல். பாலில் புளிப்பு ஏற ஏற, அதிலுள்ள புரதம் திரண்டு நீரிலிருந்து பிரிகின்றது. சற்றே புளிப்பேறிய பால், அடுப்பில் வைக்கும்வரை நன்றாகவே தோன்றிச் சூடேறியதும் திரிந்துவிடும். பாயசத்தில் பால் திரிவது பலருக்கும் நேரும் தொல்லை. வெல்லம் பெரும்பாலும் சிறிது அமிலத் தன்மை உடையது. கொதிக்கும் பாலில் அதை இட்டால் திரியாமல் என்ன செய்யும்? வெல்லப் பாகைத் தனியே காய்ச்சி, வடிகட்டி, ஆறவிட்டு, பாயசத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பின் சேர்த்தால் தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

காறுதல் எண்ணெய்க்கும் கொப்பரைக்கும் வேர்க்கடலைக்கும் உரியது. இங்கே நுண்ணுயிருக்குப் பெரிய வேலையில்லை. காற்றும் ஒளியும் வெப்பமும் கொழுப்பைச் சிதைப்பதால் வருவது அவ்வாடை. எனவே எண்ணெயை அடுப்புக்கு அருகே கண்ணாடிப் புட்டியில் அழகாக வைப்பதைவிட, இருண்ட இடத்தில் மூடி வைப்பதே நன்று. நமுத்தலோ கேடே அன்று. அப்பளமும் முறுக்கும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மொறுமொறுப்பை இழந்து நிற்கின்றன, அவ்வளவுதான். வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் சற்றுப் புரட்டினால் மீண்டுவிடும். நமுத்ததைக் குப்பையில் கொட்டிவிட்டுக் காறியதைத் தாளித்து உண்ணும் வீடுகளை நான் பார்த்திருக்கின்றேன். இரண்டிற்கும் தனிச்சொல் தந்த மொழியைப் பேசிக்கொண்டே இப்படிச் செய்கிறோம் என்பது வேடிக்கை.

பதம் தவறியதைச் சரிசெய்வதிலும் உண்மையும் நம்பிக்கையும் கலந்தே கிடக்கின்றன. குழம்பு உப்புக் கரித்தால் உருளைக்கிழங்கை வெட்டிப் போடச் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தேடிப் பிடித்து உறிஞ்சாது. உப்புக் கலந்த நீரைத்தான் உறிஞ்சும், மீதமுள்ள குழம்பின் கரிப்பு அப்படியே இருக்கும். உப்பிடாத பருப்போ தேங்காய்ப்பாலோ வெந்நீரோ சேர்த்து அளவைப் பெருக்குவதே உண்மையான வழி. கஞ்சி அடிப்பிடித்துவிட்டால் கரண்டியை அடிவரை விட்டுக் கிளறவே கூடாது. மேலாக உள்ளதை மெல்ல வேறு பாத்திரத்திற்கு மாற்றிவிட வேண்டும். கிளறினால் கருகல் வாடை முழுவதிலும் பரவும், அதற்கு மருந்தில்லை. பருப்பு வேகாமல் விறைத்து நின்றால் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் தோலை இறுக்கும். புளியையோ தக்காளியையோ முன்னதாகச் சேர்த்தாலும் அதே விளைவுதான். மிளகாய் அரிந்த கை எரிந்தால் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. அதன் காரம் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெய் தடவித் துடைத்துப் பின் சோப்பால் கழுவ வேண்டும்.

இவ்வளவும் நாவும் மூக்கும் கண்ணும் அறியும் கேடுகள். அறிந்ததால் பெயர் பெற்றன. இச்சொற்களை மட்டுமே நம்பியிருப்பது எத்துணை ஆபத்தானது என்பதை 2009ஆம் ஆண்டில் எங்கள் தெருவில் கண்டேன்.

ஒரு திருமண வீட்டில் பெரிய தேக்சாக்களில் பிரியாணி சமைத்திருந்தார்கள். விடியலுக்கு முன் அடுப்பேற்றி, முற்பகலில் தம் உடைத்தது. எதிர்பார்த்த விருந்தினர் சிலர் வராமையால் ஒரு தேக்சாவில் பாதிக்கு மேல் எஞ்சியது. அதை மூடி அப்படியே வைத்திருந்து, இரவு பத்து மணிக்கு மேல் தெருவிலுள்ள வீடுகளுக்கு நல்ல மனத்தோடு பகிர்ந்தளித்தார்கள். பலர் அதனை மறுநாள் காலை உணவாகச் சூடுபடுத்தி உண்டனர். நண்பகலுக்குள் மூன்று வீடுகளில் ஒன்பது பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். அவர்களுள் நாங்கள் பெரியம்மா என்று அழைத்துவந்த மூதாட்டி ஒருவர் நீரிழப்பால் நினைவு தடுமாறி, ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தார். உயிர் தப்பினாலும் அதன்பின் அவர் பழைய நடையில் நடக்கவில்லை. இறுதிவரை அவர் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "கெட்டுப் போயிருந்தா வாடை வந்திருக்குமே. நான் மோந்து பாத்துட்டுத்தானே சட்டியில போட்டேன்."

அவர் சொன்னது பொய்யன்று. அவ்வுணவில் வாடை இல்லை. மணமும் சுவையும் முன்போலவே இருந்ததாக உண்ட அனைவரும் கூறினர். மருத்துவர் எல்லோரிடமும் இரண்டே கேள்விகள் கேட்டார். எப்போது சமைத்தது, எப்போது உண்டது. எப்படி இருந்தது என்று அவர் கேட்கவேயில்லை. அது எனக்கு அன்று வியப்பளித்தது.

பின்னர் படித்தறிந்தபோது வியப்பு நீங்கி அச்சம் வந்தது. அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இயல்பாகவே ஒட்டியிருக்கும். சோறு கொதிக்கும்போது அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவ்வித்துகள் முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும். உண்ட 1 முதல் 6 மணி நேரத்தில் வாந்தி வரும். அந்நஞ்சு 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழிவதில்லை என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். நம் வீட்டு அடுப்பில் அதை அழிக்கும் வழியே இல்லை. 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் சீன உணவகங்களின் வறுத்த சோற்றை உண்டோர் வாந்தியெடுத்ததை ஆராய்ந்தபோதுதான், முன்னாள் வடித்து வெளியே வைத்திருந்த சோறே காரணம் என்று தெளிவாயிற்று.

இறைச்சி வெந்த பெரிய பாத்திரத்திற்குக் குளோஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்றொரு பகை உண்டு. காற்றில்லாத நடுப்பகுதியில், 43 முதல் 47 டிகிரி வரையிலான சூட்டில், ஏறக்குறையப் பத்து நிமிடத்திற்கொருமுறை அது இரட்டிக்கும். தேக்சாவின் நடுவே சூடு எவ்வளவு மெதுவாக இறங்கும் என்பதைச் சமையல்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். தம் பிடிக்க உதவிய அதே கனமும் அதே மூடியும் அந்நுண்ணுயிருக்குத் தொட்டிலாகின்றன. இதனை நன்கு கொதிக்கவைத்தால் கொல்லலாம். மேலாகச் சுடவைத்தால் பயனில்லை. மூன்றாவதாக, சமைப்போர், பரிமாறுவோரின் கையிலும் மூக்கிலும் புண்ணிலும் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அது உணவில் விளைவிக்கும் நஞ்சும் கொதியைத் தாங்கும். "சுடவைத்தால் சரியாகிவிடும்" என்னும் நம் வீட்டு நம்பிக்கை, மூன்றில் இரண்டு பகைவரிடம் செல்லாது.

இத்தகைய கேட்டிற்குத் தமிழில் என்ன பெயர்? குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. புலன் அறியாததற்கு நாட்டார் எப்படிப் பெயர் வைப்பர்? ஒரு மாணவி, ஊமைக்காயம், ஊமைவெயில் என்று சொல்வதுபோல் இதனை ஊமைக்கேடு எனலாமே என்றார். நல்ல சொல்லாகத் தோன்றியதால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிய பிறகு அதன்கீழ் வேறு சிலவும் வந்து சேர்ந்தன.

கடற்கரை ஊரார் விரும்பி உண்ணும் சூரையும் அயிலையும் அவற்றுள் முதலாவன. பிடித்தவுடன் பனிக்கட்டியில் இடாமல் வெயிலில் கிடந்தால், அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் சேரும். உண்டதும் முகம் சிவந்து, உடல் அரித்து, தலை வலிக்கும். "மீன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிடுவோம். உண்மையில் மீனைக் காக்காத குறை அது. எவ்வளவு வேகவைத்தாலும், எவ்வளவு பொரித்தாலும் அப்பொருள் போகாது. பூசணம் பூத்த வேர்க்கடலையும் அப்படியே. பூசணத்திற்குப் பெயருண்டு, அது கடலைக்குள் விட்டுச்செல்லும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சிற்கு இல்லை. 1960இல் இங்கிலாந்தில் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்து அறியப்பட்டது அது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுவருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தனர். கடலையைத் துடைத்து வறுத்துவிட்டால் போதும் என்று எண்ணுவோர் இதனைக் கருதுக. பித்தளைப் பாத்திரத்தில் புளியை வைத்தால் ஏறும் களிம்பு பச்சையாகக் கண்ணுக்குத் தெரியும். ஈயம் பூசுவதில் தூய வெள்ளீயத்தோடு காரீயம் கலந்திருந்தால் அதைக் கண்ணும் காணாது, நாவும் அறியாது.

மோப்பம் உதவாதபோது எதை நம்புவது? அந்த மருத்துவர் கேட்ட கேள்விகளையே நம்ப வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஐந்து நெறிகள், சமைத்த உணவை அறைச் சூட்டில் 2 மணி நேரத்திற்கு மேல் வைக்கலாகாது என்கின்றன. சூடாக வைப்பதாயின் 60 டிகிரிக்கு மேல், குளிரவைப்பதாயின் 5 டிகிரிக்குக் கீழ், வேகவைப்பதும் மீண்டும் சூடாக்குவதும் உள்வரை 70 டிகிரி எட்டும்படி. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் 1 மணி நேரமே எல்லை என்று அமெரிக்க வேளாண் துறை அறிவுறுத்துகின்றது. நம் ஊரில் அந்த எல்லைக்குள் அடங்காத நாள்கள் எத்தனை என்பதை எண்ணிக்கொள்க.

குளிர்பதனப் பெட்டி இருக்கின்றதே என்பர். அது நுண்ணுயிரைக் கொல்வதில்லை, உறங்க வைக்கின்றது. கொதிக்கும் குண்டானை அப்படியே உள்ளே வைத்தால் நடுவிலுள்ள உணவு குளிர நெடுநேரமாகும், அருகிலுள்ள பாலும் சூடேறும். அகன்ற தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, ஆவி அடங்கியதும் சிறு பாத்திரங்களில் உள்ளே வைப்பதே முறை. ஹஜ்ஜுப் பெருநாளில் வரும் குர்பானி இறைச்சியையும் பெரிய பொதியாக உறையவைக்காமல், ஒருவேளைக்கு ஆகும் அளவில் சிறு பொதிகளாக்கினால் விரைந்து உறையும். எடுக்கும்போதும் மேடையில் கிடத்தாமல் முதல் நாளிரவே பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடலாம். அதே நாளில் இறைச்சி அரிந்த அரிவாள்மனையிலேயே தயிர்ப்பச்சடிக்கு வெங்காயம் அரிவதையும் பார்க்கின்றோம். இறைச்சி வெந்துவிடும், வெங்காயம் வேகாது.

நோன்புக் கஞ்சியைப் பற்றியும் ஒரு சொல். நொய்யரிசி, பாசிப்பருப்பு, கொத்துக்கறி, தேங்காய்ப்பால் என்று அது நுண்ணுயிர் விரும்பும் அனைத்தும் கூடிய உணவு. மாலையில் பள்ளிவாசலிலிருந்து தூக்கில் சூடாக வரும் கஞ்சி, நோன்பு திறக்கும் நேரம்வரை தாங்கும். எஞ்சியதைச் சஹருக்கு ஆகட்டும் என்று மேடையிலேயே மூடிவைத்தால் பத்து மணி நேரமாகிவிடுகின்றது. மஃரிப் தொழுகை முடிந்த கையோடு தட்டில் பரப்பி ஆற்றிக் குளிரில் வைத்து, சஹரில் கொதி வரும்வரை சூடாக்கினால் அச்சமில்லை.

"அப்படியானால் நம் முன்னோர் பழைய சோறு உண்டு வாழவில்லையா?" என்று மூத்தோர் கேட்பர். வாழ்ந்தனர். ஆனால் அவர்கள் சோற்றை வெறுமனே பானையில் மூடி வைக்கவில்லை. ஆறிய சோற்றில் அது மூழ்கத் தண்ணீர் ஊற்றினர். நீருக்கடியில் புளிப்பை உண்டாக்கும் நல்ல நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு பெருகி, அவற்றின் அமிலம் தீயவற்றை ஒடுக்கின்றது. நீராகாரத்தின் இனிய புளிப்பு அவ்வெற்றியின் சுவை. தண்ணீர் ஊற்றாத மிச்சச் சோறும் தண்ணீர் ஊற்றிய பழையதும் ஒரே பானையில் பிறந்தவையாயினும் விடியும்போது வெவ்வேறு உணவுகள். பெரியம்மாவின் வீட்டில் நாள்தோறும் பழையது இருந்தது. அவரை வீழ்த்தியது பழையது அன்று.

அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தைக் கண்டவர் அவர். கீழே சிந்திய பருக்கையைப் பொறுக்கி எடுத்து உண்டவர். உணவை வீணாக்குவது பாவம் என்று வளர்க்கப்பட்ட ஒருவரிடம், மணமும் சுவையும் குன்றாத பிரியாணியைக் குழிதோண்டிப் புதைக்கச் சொன்னால் அவர் எப்படி ஒப்புவார்? வீணாக்கம் எப்போது நிகழ்ந்தது என்பதில்தான் அவர்க்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. மறுநாள் காலையில் கொட்டுவது வீணாக்கம் என்று அவர் கருதினார். முந்தைய நாள் பிற்பகல் இரண்டு மணிக்கே, சூடு ஆறுமுன், பகிர்ந்தளிக்காமல் மூடி வைத்தபோதே அது வீணாகிவிட்டது என்பது என் எண்ணம். எஞ்சுமா எஞ்சாதா என்று கணக்குப் பார்த்துக் காத்திருந்த எட்டு மணி நேரத்தில் அந்தத் தெருவில் உண்ண ஆளில்லாமலா போயிருக்கும்?

இப்போது எங்கள் தெருவில் விருந்து நடத்துவோர், கடைசிப் பந்தி அமர்ந்திருக்கும்போதே தேக்சாவைத் திறந்து பொட்டலம் கட்டத் தொடங்கிவிடுகின்றனர். பொட்டலத்தின் மேல் தம் உடைத்த நேரத்தையும், இரவுக்கு வைக்க வேண்டாம் என்பதையும் இளைஞர் சிலர் எழுதுகின்றனர். முதன்முதலில் அவ்வாறு எழுதியபோது ஊர்ப் பெரியவர் ஒருவர், "விருந்துச் சோத்துல மருந்துக் கடை மாதிரி என்னத்தம்பி எழுதுறீங்க?" என்று சினந்துகொண்டார். அவரிடம் யாரும் வாதிடவில்லை. சென்ற ஆண்டு அவர் வீட்டுத் திருமணத்தில் எனக்கு வந்த பொட்டலத்தில் 11.40 என்று எழுதியிருந்தது. கையெழுத்து நடுங்கிய முதிய கையெழுத்து.